அரைத்த பழத்தில் எஞ்சுவது எது?

பழத்தை மிக்ஸியில் அரைத்தால் சத்துப் போய்விடுமா? வீட்டில் ஸ்மூத்தி செய்யத் தொடங்கிய எவரும் சில நாளிலேயே இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். பதில்களுக்குப் பஞ்சமில்லை. பிளேடு சுற்றும் வேகத்தில் வைட்டமின் செத்துவிடும் என்பது ஒன்று. அரைத்தால்தான் சத்து முழுதாக உடம்பில் ஒட்டும் என்பது அதற்கு நேர் எதிரான மற்றொன்று. நார் நசிந்துவிடும், பாலும் பழமும் சேரக் கூடாது, மெதுவாகப் பிழியும் இயந்திரமே நல்லது, கடித்துத் தின்பதற்கு ஈடில்லை என்று பட்டியல் நீள்கிறது.

இந்தப் பதில்கள் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றினாலும், உண்மையில் பல இடங்களில் அவை சந்தித்துக்கொள்வதே இல்லை. ஒருவர் வைட்டமின் சி-யை மனத்தில் வைத்துப் பேசுகிறார், இன்னொருவர் நார்ச்சத்தை, மற்றொருவர் கரோட்டினை. ‘சத்து’ என்ற ஒரே சொல்லுக்குள் இவை அனைத்தையும் அடைத்துவிட்டதால்தான் விவாதம் தீராமல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு பதிலும் எங்கே பிறந்தது, எந்தச் சத்துக்குப் பொருந்துகிறது, எங்கே வலுவிழக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கெடாத சாறும் சத்துள்ள சாறும்

பழச்சாற்றின் சத்தைக் காப்பது எப்படி என்ற கேள்வி மிக்ஸியைவிட இரண்டு நூற்றாண்டு மூத்தது. 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ‘சாலிஸ்பரி’ என்ற போர்க்கப்பலில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினார்கள். இந்தப் பகுதி பலருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் நம் கேள்விக்கு நெருக்கமானது.

மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பலுக்குப் பழத்தைக் கொண்டுசெல்ல முடியாது. அதனால் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கிப் புட்டியில் அடைக்கும்படி 1753இல் வெளியிட்ட தன் நூலில் லிண்ட் பரிந்துரைத்தார். வெந்நீரின் மேல் கிண்ணத்தை வைத்து மணிக்கணக்கில் வற்றவைக்கும் முறை அது. பாகு நாள்பட்டும் கெடவில்லை. ஆனால் நோயைத் தீர்க்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பத்திலும் காத்திருப்பிலும் போய்விட்டிருந்தது. தன் கையாலேயே கண்டறிந்த மருந்தைத் தன் செய்முறையாலேயே லிண்ட் வலுவிழக்கச் செய்துவிட்டார். அது அவர் குற்றமன்று. வைட்டமின் என்ற கருத்தே அப்போது பிறந்திருக்கவில்லை.

கில்பர்ட் பிளேன் முதலானோரின் வற்புறுத்தலால் 1795இல் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறைப்படி வழங்கத் தொடங்கியது. இம்முறை சாற்றைக் காய்ச்சவில்லை. சாராயம் கலந்தோ, காற்றுப் படாதபடி மேலே ஆலிவ் எண்ணெய் படரவிட்டோ வைத்தார்கள். ஸ்கர்வி பெருமளவு அடங்கியது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மத்தியதரைக்கடல் நாடுகளின் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் பழச்சாற்றுக்கு மாறினார்கள். 1875-76இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வடதுருவம் நோக்கிச் சென்ற குழுவில் ஸ்கர்வி மீண்டும் தலைதூக்கியது. லைம் சாற்றின் ஆற்றல் எலுமிச்சையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் என்பதை முதல் உலகப்போரின் இறுதிக் காலத்தில் லண்டன் லிஸ்டர் கழகத்தின் ஆய்வாளர்கள் விலங்குச் சோதனைகளால் காட்டினார்கள். ஆலைகளில் சாறு செம்புக் குழாய்கள் வழியாகப் போனதும் அதன் ஆற்றலைக் குறைத்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இந்தக் கதையை இங்கே விரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கெடாமல் இருப்பதும் சத்தோடு இருப்பதும் ஒன்றல்ல என்பதை மனித குலம் கற்ற இடம் இது. பழநிப் பஞ்சாமிர்தம் நாள்பட்டும் கெடாமல் இருக்கிறது. சர்க்கரையின் செறிவு நுண்ணுயிர்களை வளரவிடுவதில்லை. அதற்காக அதில் உள்ள பழத்தின் வைட்டமின் சி-யும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் ‘நன்றாக’ இருந்த ஸ்மூத்திக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காற்று, உலோகம், நேரம்

1928இல் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி பிரித்தெடுத்த ஒரு பொருளே வைட்டமின் சி என்பது 1932இல் உறுதியானது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் வேதியியல் தெளிவான பிறகு, ‘அரைத்தால் வைட்டமின் செத்துவிடும்’ என்ற கூற்றைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

வைட்டமின் சி என்னும் அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து முதலில் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது. பலர் கவனிக்கத் தவறுவது இந்தப் படியைத்தான். இந்த இரண்டாம் பொருளுக்கும் வைட்டமின் ஆற்றல் உண்டு. உடல் அதைத் திரும்பவும் பழைய வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அதற்கும் அடுத்த படியில் வளையம் உடைந்து வேறொரு பொருளாகிவிட்டால்தான் மீட்சி இல்லை. அந்த அடுத்த படிக்கு நேரம் வேண்டும்; சூடும் புளிப்பின்மையும் அதை விரைவுபடுத்தும். ஆகவே, மிக்ஸி ஓடும் ஓரிரு நிமிடத்தில் எல்லாம் போய்விடுகிறது என்பது மிகைதான். அரைத்ததை மதியம் வரை மேசைமேல் வைத்திருந்தால் இழப்பு பெரிதாகும் என்பதோ மிகையல்ல.

மிக்ஸியின் பங்கு மூன்று வகையில் வருகிறது. சுழல் காற்றை உள்ளிழுத்து நுரையாகக் கலக்கிவிடுகிறது. நீண்ட நேரம் ஓடினால் உராய்வில் ஜார் சூடாகிறது. செல்கள் உடைவதால் உள்ளே தனித்தனியாக இருந்தவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முதல் இரண்டையும் வீட்டிலேயே பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். பழத்தைக் குளிர வைத்துப் போடுவது, விட்டு விட்டுக் குறைந்த நேரம் ஓட்டுவது, ஊற்றிவைக்க நேர்ந்தால் பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடிக் குளிரில் வைப்பது ஆகியவற்றுக்கு வேதியியல் அடிப்படை உண்டு. கடற்படையின் ஆலிவ் எண்ணெய்ப் படலமும் இந்த நிரம்பிய பாட்டிலும் செய்யும் வேலை ஒன்றே.

உலோகத்தைப் பற்றி நம் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செம்பும் இரும்பும் வைட்டமின் சி சிதைவைத் தூண்டிவிடுபவை. செம்பு மிகச் சிறிய அளவிலேயே அதைச் செய்யும். மிக்ஸி ஜாரின் துருப்பிடிக்காத எஃகு இதில் கவலைக்குரியதன்று. ஆனால் செம்புப் பாட்டிலில் எதை ஊற்றினாலும் நல்லது என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. புளிப்பான பழச்சாற்றை அதில் ஊற்றினால் வைட்டமின் குறைவதோடு, செம்பும் கரைந்து சாற்றில் இறங்கும். புளிக்குழம்பைக் கல்சட்டியில் வைத்தவர்களும், பித்தளைக்கு ஈயம் பூசாமல் புழங்காதவர்களும் இதன் பாதியை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

மெதுவாக அழுத்திப் பிழியும் ‘கோல்டு பிரஸ்’ இயந்திரங்கள் இந்த வேதியியலைச் சுட்டிக்காட்டித்தான் விற்கப்படுகின்றன. சூடு குறைவு, காற்று குறைவு, ஆகவே சத்து கூடுதல் என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் 2019இல் தாய்லாந்தின் சூளலங்கார்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பழச்சாறுகளை இம்முறையிலும் வழக்கமான முறையிலும் எடுத்து ஒப்பிட்டபோது, வைட்டமின் சி-யிலோ ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலிலோ குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஒரே ஆய்வைக் கொண்டு வழக்கை முடித்துவிட முடியாதுதான். இருந்தாலும், பல மடங்கு விலையை நியாயப்படுத்தும் பொறுப்பு விற்பவர்களிடம்தான் இருக்கிறது. மேலும், இந்த இயந்திரங்கள் சக்கையைத் தனியே தள்ளிவிடுகின்றன. ஸ்மூத்தியோடு இவற்றை ஒப்பிடும்போது இதை மறந்துவிடலாகாது.

உறைந்த பழத்தைப் பற்றிய ஐயமும் தீர்ந்துவருகிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2015இல் எட்டு வகைக் காய்கனிகளை ஆராய்ந்தது. உறைந்தவற்றின் வைட்டமின் சி ஐந்தில் புதியவற்றுக்கு நிகராகவும், மூன்றில் அதிகமாகவும் இருந்தது. மலிவான பருவத்தில் மாம்பழத்தையோ பப்பாளியையோ துண்டுபோட்டு ஃப்ரீஸரில் வைப்பதைச் சத்துக்குச் செய்யும் துரோகமாக நினைக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஓர் எளிய கணக்கு மறைந்துபோகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும், பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி வேண்டும். 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு போனாலும் ஒரு நாள் தேவைக்கு மேல் மிஞ்சுகிறது. ஆப்பிளில் தொடக்கத்திலேயே சில மில்லிகிராம்தான். எந்த இயந்திரத்தில் அரைக்கிறோம் என்பதைவிட எந்தப் பழத்தை அரைக்கிறோம் என்பதே இங்கே பெரிய முடிவு.

விடுபட்ட நொதி

செல்கள் உடைவதால் வரும் மூன்றாவது விளைவே அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது. ஃபிரெட் வேரிங் பெயரில் 1937இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிளெண்டர், பானக் கடைகளுக்கு மட்டுமல்லாமல் உயிர்வேதியியல் ஆய்வகங்களுக்கும் போனது. திசுக்களை உடைத்து நொதிகளை வெளியே கொண்டுவர ஆய்வாளர்களுக்கு அது கைகண்ட கருவியாயிற்று. நம் சமையலறை மிக்ஸியும் அதையேதான் செய்கிறது.

வெட்டிவைத்த வாழைப்பழமும் கத்தரிக்காயும் கறுப்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியால். முழுப் பழத்தில் இந்த நொதி ஓர் அறையிலும், பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. சுவர் உடைந்ததும் இரண்டும் காற்றோடு சேர்ந்து வினைபுரிகின்றன. இந்தக் கறுப்பை அழகுக் குறையாக மட்டுமே கருதிவந்தார்கள். 2023இல் ‘ஃபுட் அண்டு ஃபங்ஷன்’ இதழில் வெளியான ஆய்வு அந்தப் பார்வையை மாற்றியது.

கலிஃபோர்னியா, ரெடிங் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் இடம்பெற்ற அக்குழு எடுத்துக்கொண்டது ஃபிளாவனால் என்ற பாலிஃபீனால் வகையை. கோகோ, தேநீர், ஆப்பிள், பெர்ரிப் பழங்கள், திராட்சை முதலியவற்றில் இருப்பது. இதய நலத்தோடு தொடர்புபடுத்தப்படுவது. அமெரிக்க உணவியல் கழகம் 2022இல் நாளொன்றுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை இதைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒரு நாள் வாழைப்பழ ஸ்மூத்தியும், ஒரு நாள் நொதி குறைந்த பெர்ரிப் பழ ஸ்மூத்தியும், ஒரு நாள் மாத்திரையாக ஃபிளாவனாலும் எடுத்துக்கொண்டார்கள். பெர்ரி ஸ்மூத்திக்குப் பிறகு ரத்தத்தில் காணப்பட்ட அளவு மாத்திரைக்கு நிகராக இருந்தது. வாழைப்பழ ஸ்மூத்திக்குப் பிறகோ உச்ச அளவு 84 விழுக்காடு குறைந்திருந்தது. இன்னொரு சோதனையில், வாழைப்பழப் பானத்தையும் ஃபிளாவனாலையும் முன்கூட்டிக் கலக்காமல் ஒரே வேளையில் கொடுத்தபோதும் அளவு குறைந்தது. நொதி இரைப்பைக்குள்ளும் வேலையைத் தொடர்கிறது என்று அவர்கள் கருதினார்கள்.

இந்த முடிவு செய்தித்தாள்களில் ‘ஸ்மூத்தியில் வாழைப்பழம் போடாதீர்கள்’ என்று சுருங்கிவிட்டது. அது நியாயமான சுருக்கமன்று. முதல் சோதனையில் கலந்துகொண்டவர்கள் எட்டே ஆண்கள். அளக்கப்பட்டது ஒரே ஒரு சத்து. பொட்டாசியமோ நாரோ வைட்டமின் பி6-ஓ இந்த நொதியால் அழிவதில்லை. முதன்மை ஆய்வாளர் கோகோ சார்ந்த தொழில் கொண்ட மார்ஸ் நிறுவனத்தோடு தொடர்புடையவர் என்பதையும் வாசகர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முடிவு பொய் என்று அதற்குப் பொருளில்லை, மற்றவர்களும் செய்து பார்க்க வேண்டும் என்பதே பொருள். ஆனால் இயங்குமுறை உறுதியான வேதியியலில் நிற்பதால் இதை ஒதுக்கிவிடவும் முடியாது. திராட்சையையோ கோகோவையோ அதன் பாலிஃபீனாலுக்காகவே குடிக்கிறவர், அதே ஜாரில் வாழைப்பழத்தைப் போடுவது தன் நோக்கத்துக்கே எதிராக முடியலாம்.

எலுமிச்சை பிழிந்தால் போதாதா என்ற கேள்வி எழும். புளிப்பு இந்த நொதியை மந்தப்படுத்தும் என்பதும், அதில் உள்ள வைட்டமின் சி கறுப்பைத் தள்ளிப்போடும் என்பதும் உண்மை. ஆனால் அந்த வைட்டமின் சி தன்னைச் செலவழித்துத்தான் அதைச் செய்கிறது. இரண்டு வாழைப்பழக் கூழின் மொத்தப் புளிப்பையும் அரை மூடி எலுமிச்சை போதுமான அளவு மாற்றிவிடும் என்று எண்ணுவது கடினம். நிறம் வெளுப்பாக இருப்பதை வைத்து உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

அரைத்தால் கூடுவதும் உண்டு

இதுவரை பார்த்தது இழப்பின் கணக்கு. எதிர்த்தரப்பின் வாதம் கரோட்டினாய்டுகளில்தான் வலுவாக நிற்கிறது. கேரட்டின் பீட்டா கரோட்டினும் கீரையின் லூட்டீனும் செல்சுவருக்குள் இறுகக் கட்டுண்டு கிடப்பவை. பல்லால் மென்று அந்தச் சுவர்களை உடைப்பதற்கு எல்லை உண்டு. நெதர்லாந்தில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பசலை வகைக் கீரையை முழு இலையாகத் தின்றவர்களைவிட, செல்சுவரை நொதியால் கரைத்த கூழாக உண்டவர்களுக்குப் பீட்டா கரோட்டின் ஏறத்தாழ இரண்டு மடங்கு சேர்ந்தது. ஆனால் அந்தக் கூடுதலும்கூட, தூய மாத்திரையிலிருந்து சேர்வதில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. லூட்டீனில் வேறுபாடு குறைவாகவே இருந்தது. அரைப்பது உதவுகிறது, அற்புதம் செய்வதில்லை.

கரோட்டினாய்டு கொழுப்பில் கரைவது. எனவே துணைக்குக் கொழுப்பு இல்லாவிட்டால் அரைத்தும் பயன் குறைவு. 2004இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் செய்த சோதனையில், கொழுப்பே இல்லாத கலவையோடு பச்சைக் காய்களைத் தின்றவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டு ஏறவே இல்லை எனலாம். எண்ணெய் சேர்த்தபோது ஏறியது. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, கீரையை வேகவைக்க வேகவைக்க லூட்டீன் குறைவதையும், பச்சையாக நறுக்கிப் பாலோ தயிரோ சேர்த்து அரைக்கும்போது அது அதிகம் விடுபடுவதையும் காட்டியது. அது ஆய்வகக் குடுவையில் அளந்தது, மனிதரில் அளந்ததன்று. ஆனாலும் கேரட், கீரை ஸ்மூத்தியில் சில நிலக்கடலையோ ஒரு துண்டு தேங்காயோ முழுப் பாலோ சேர்ப்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. எடை குறைப்பதற்காகக் கொழுப்பை அறவே நீக்கிய பச்சை ஸ்மூத்தி, தன் பச்சையின் பயனையே இழந்துவிடுகிறது.

பப்பாளிக்கு இந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. கேரட்டிலிருந்து சேர்வதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பீட்டா கரோட்டின் பப்பாளியிலிருந்து சேர்வதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பழத்தில் அது இருக்கும் வடிவமே எளிதில் கரைவது. தெருமுனையில் துண்டுபோட்டு விற்கும் பப்பாளியை அப்படியே தின்றாலும் நட்டமில்லை.

நாரும் சர்க்கரையும்

மிக்ஸி நாரை அழித்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பிளேடு நாரைத் துண்டாக்கும். வேதியியல் முறையில் அதைச் சிதைக்காது. ஜாருக்குள் போன நார் முழுவதும் டம்ளரில் இருக்கும், வடிகட்டியை எடுக்காதவரை. வீட்டில் நேரும் மிகப் பெரிய சத்திழப்பு மிக்ஸியில் நடப்பதன்று, வடிகட்டியில் நடப்பது. சக்கையோடு நார் மட்டுமன்றி, அதில் ஒட்டிய பாலிஃபீனாலும் கரோட்டினும் குப்பைக்குப் போகின்றன.

நார் இருக்கிறது என்றாலும் அதன் வேலை நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. 1977இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரிஸ்டல் ஆய்வு இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்தார்கள். மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு ஒன்றே. சாற்றை முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு விரைவாகக் குடித்துவிட முடிந்தது. ஒரே வேகத்தில் உண்ணவைத்தபோதும் சாற்றைவிடக் கூழும், கூழைவிட முழுப்பழமும் பசியாற்றின. சாற்றுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை ஏறி, பிறகு சடாரென்று இறங்கியது, கூழில் அந்த இறக்கம் குறைவாக இருந்தது, முழுப்பழத்தில் இல்லை. இன்சுலின் சாற்றிலும் கூழிலும் உயர்ந்தது.

2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வும் அதே திசையில் நின்றது. மதிய உணவுக்கு முன் ஆப்பிள் துண்டுகளைத் தின்றவர்கள் உணவைச் சுமார் 15 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள். கூழும் சாறும் அந்த அளவுக்குப் பசியடக்கவில்லை. 1,87,000க்கும் மேற்பட்டவர்களை நெடுங்காலம் தொடர்ந்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முழுப் பழம் தின்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு குடிப்பவர்களிடம் அதிகமாகவும் காணப்பட்டது. இத்தகைய கவனிப்பு ஆய்வு காரணத்தை நிறுவாது. தொடர்பை மட்டுமே சொல்லும்.

இத்தனைக்கும் எதிராக அண்மையில் சில வியப்பான முடிவுகள் வந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிளைமத் பல்கலைக்கழகத்திலும், 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் நடந்த சோதனைகளில், விதையுள்ள பெர்ரிப் பழங்களைச் சேர்த்து அரைத்துக் குடித்தபோது ரத்தச் சர்க்கரை ஏற்றம் முழுப்பழத்தைவிடக் குறைவாக இருந்தது. விதைகள் அரைபட்டு உள்ளிருக்கும் நாரும் கொழுப்பும் பாலிஃபீனாலும் வெளிவருவது காரணமாகலாம் என்பது அவர்கள் ஊகம். சிறு சோதனைகள், பங்கேற்றவர்களில் பலர் ஆரோக்கியமான இளைஞர்கள். கொய்யாவும் மாதுளையும் விதையுள்ள பழங்களே என்பதால் நமக்கு இது ஆர்வமூட்டுகிறது. ஆனாலும் கொட்டையை நீக்கி அரைக்கும் மாம்பழத்துக்கும் சப்போட்டாவுக்கும் இந்த முடிவை நீட்டிவிட முடியாது.

வேறுபாடுகள் இருந்தும் பொதுச் சுகாதார அமைப்புகள் எச்சரிக்கையின் பக்கமே நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் பழச்சாற்றின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையோடு சேர்த்தது. பிரிட்டன் ஒருபடி மேலே போய், சாறும் ஸ்மூத்தியும் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லி போதும் என்கிறது. ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாற்றைவிட முழுப் பழத்தையே பரிந்துரைக்கிறது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. இந்த நாட்டில், நான்கு பழத்தை ஒரு டம்ளரில் அடைத்து அதன்மேல் சர்க்கரையையும் தேனையும் ஐஸ்கிரீமையும் போடும் வழக்கத்தைச் ‘சத்து’ என்ற பெயரில் வளரவிடுவது எனக்கு உறுத்துகிறது. வைட்டமினில் சிறிது போகிறதே என்று கவலைப்படுகிற நாம், கூடச் சேரும் சர்க்கரையைப் பற்றி அதில் பாதியாவது கவலைப்பட வேண்டும்.

பாலும் பழமும்

பாலோடு புளிப்புப் பழம் சேரலாகாது என்பது சரக சம்ஹிதையின் விருத்த உணவுப் பட்டியலில் உள்ள பழைய விதி. புளிப்பில் பால் திரியும் என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் குடித்த பால் இரைப்பை அமிலத்தில் எப்படியும் திரியத்தான் செய்கிறது. எனவே திரிவதாலேயே சத்துக் கெட்டது என்ற விளக்கம் நிற்காது.

நவீன ஆய்வு வேறொரு வாசல் வழியாக இதே கேள்விக்கு வந்தது. பால் புரதம் பாலிஃபீனாலோடு ஒட்டிக்கொள்ளும். 2009இல் இத்தாலியில் 11 பேரிடம் நடந்த சோதனையில், பாலோடு சேர்த்துத் தின்ற புளூபெர்ரியின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு விளைவு மங்கியது. ஆனால் பாலும் பாலிஃபீனாலும் பற்றிய மற்ற ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மறுபுறம், பாலின் கொழுப்பு கரோட்டினுக்கு வேண்டும். அதன் கால்சியம், கீரையில் உள்ள, சிறுநீரகத்துக்குத் தீங்காகக்கூடிய ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். எந்தப் பழத்தை எதற்காகக் குடிக்கிறோம் என்று கேட்காமல் பாலை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வழியில்லை.

செறிவின் ஆபத்து

சத்தைக் காப்பது பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் விடுபடுவது இது. அரைப்பது நல்லதை மட்டும் செறிவாக்குவதில்லை. பச்சைக் கீரையை ஒரு வேளைக்கு எவ்வளவு மெல்ல முடியும்? அரைத்தால் அதைப்போலப் பல மடங்கு ஒரே மடக்கில் இறங்கிவிடும். ஆக்சலேட் மிகுந்த பச்சை ஸ்மூத்தியைத் தொடர்ந்து குடித்த ஒரு பெண்மணியின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது. நமக்கு அருகிலேயே, கேரளத்தில், கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன் புளியின் சாற்றைச் செறிவாகக் குடித்த பத்துப் பேருக்கு நேர்ந்த சிறுநீரகச் செயலிழப்பை 2013இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே காயை மீன்குழம்பில் போட்டு உண்பவர்கள் எத்தனையோ பேர்.

சுரைக்காய்ச் சாறு இன்னும் கடுமையான பாடம். 2010இல் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒருவர் இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து ஆராய்ந்தது. காரணம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு. அதற்கு மாற்று மருந்து இல்லை. அரைக்குமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்கவும், கசந்தால் எறிந்துவிடவும், வேறு சாறுகளோடு கலக்காமல் இருக்கவும் குழு அறிவுறுத்தியது. கடைசி அறிவுரை மிக முக்கியமானது. பழத்தின் இனிப்பு கசப்பை மறைத்துவிட்டால் நாக்கு தரும் எச்சரிக்கையே இல்லாமல் போய்விடும்.

இன்னும் தீராதவை

மூன்று இடங்களில் சான்று இப்போதே போதுமான வலுவோடு இருக்கிறது. அரைத்ததை உடனே குடிப்பது, சக்கையை எறியாமலிருப்பது, சர்க்கரை சேர்க்காமலிருப்பது ஆகியவற்றை எந்தத் தரப்பு ஆய்வும் மறுக்கவில்லை. கோல்டு பிரஸ் பற்றிய வாதம் மெலிந்திருக்கிறது. நார் அழிந்துவிடும் என்பது தவறு. ஆனால் கடித்துத் தின்பதன் பசியடக்கும் ஆற்றல் அரைத்ததில் முழுதாக இல்லை என்பது ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அரைத்த பழத்தின் ரத்தச் சர்க்கரை விளைவு, பாலும் பாலிஃபீனாலும், நொதியின் தாக்கம் நெடுநாளில் உடல்நலத்தை எவ்வளவு மாற்றும் என்பவை திறந்தே கிடக்கின்றன. அண்மைய சோதனைகளில் பெரும்பாலானவை பத்து இருபது பேரை வைத்து, ஒரு வேளைப் பானத்தை மட்டும் அளந்தவை. நீரிழிவு உள்ளவர்களிடம் மாதக்கணக்கில் செய்யும் சோதனைகளே இதைத் தீர்க்க முடியும்.

நம்மைப் பொறுத்தவரை மிகப் பெரிய இடைவெளி பழங்களிலேயே இருக்கிறது. வாழையின் நொதி அளவு வகைக்கு வகையும், பழுக்கும் நிலைக்கு நிலையும் மாறும். ரஸ்தாளி, பூவன், செவ்வாழை, நேந்திரம், கற்பூரவல்லி என்று இத்தனை வகைகளை அன்றாடம் உண்ணும் ஊரில், மேல்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பழத்தைக் கொண்டு எடுத்த முடிவை அப்படியே ஏற்பதும் சரியன்று, தள்ளுவதும் சரியன்று. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கிவருகிறது. மனிதரில் சோதனை நடத்தத் தகுந்த மருத்துவக் கல்லூரிகளும் அருகிலேயே இருக்கின்றன. நம் வாழை வகைகளை நம் திராட்சையோடும் நெல்லியோடும் நாவலோடும் அரைத்து, குடித்தவர்களின் ரத்தத்தில் என்ன எஞ்சுகிறது என்று அளந்து சொல்லும் வேலையை அவர்கள் எடுத்துச் செய்ய வேண்டும். அதுவரை வாழைப்பழத்தைத் தனி வேளைக்கு வைத்துக்கொண்டு, கையில் எடுத்து உரித்தே தின்னலாம்.